ஐஸ் ஆன பாட்டிலும் அம்மாவின் கட்டைவிரலும்



போன ஜனவரியில் ஒரு ராத்திரி. மணி பதினொன்று. தூங்கப் போற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. அனுப்பியது, பொதட்டூர்பேட்டையில் என்னோடு ஒரே பெஞ்சைத் தேய்த்த மச்சான். இப்போது அமெரிக்காவில், மினசோட்டாவில் எம்.எஸ். படிக்கிறான்.

போட்டோவில் கார் ஷெட். அலமாரியில் இருபத்து நாலு பாட்டில்கள். சிலதில் மூடி தூக்கிக்கொண்டு, பழுப்பு நிற ஐஸ் குச்சி ஐஸ் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டிலுக்கு அடிப்பாகமே காணோம்.

"மச்சி, ரெண்டு மாசம் காத்திருந்து நானே காய்ச்சின பீர்டா! நைட்டு ஹீட்டர் ஆஃப் ஆயிடுச்சு, வெளியே மைனஸ் பதினஞ்சு. எல்லாம் ஐஸ். சுடுதண்ணியில போட்டு எடுக்கட்டுமா?"

உடனே போன் போட்டேன். "டேய், முதல்ல பாட்டில்ல இருந்து கையை எடு!"

'என்னடா இவன், பெரிய பீர் எக்ஸ்பர்ட் மாதிரி பேசறான்'னு நினைக்காதீங்க. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோலி சோடா. அதுவும் எங்க அம்மா கையில் ஏழு தையல் போட்ட பிறகு தெரிந்துகொண்டது.

எங்க ஊர் நெசவு ஊர். காலையில் அலாரமே வேண்டாம், தறிச் சத்தம் எழுப்பிவிடும். வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். திருத்தணி பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுவது சர்வ சாதாரணம். நான் பிளஸ் டூ முடித்த லீவு அது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மிஞ்சின கோலி சோடா ஒன்றை ஃப்ரீஸரில் வைத்தேன். 'அரை மணி நேரம்தானே'ன்னு நினைத்து ஐ.பி.எல். பார்க்க உட்கார்ந்தவன், அப்படியே தூங்கிட்டேன்.

விடியற்காலை அம்மா பால் பாக்கெட் எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தாங்க. பாட்டில் நின்றபடிதான் இருந்தது. பார்க்க ஒரு குறையும் இல்லை. கழுத்தைப் பிடித்து இழுத்ததும் கண்ணாடி மட்டும் தனியாகக் கழன்று கையோடு வந்தது. கட்டைவிரலின் அடிப்பாகத்தில் ஆழமான வெட்டு.

தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட கட்டைவிரல் வேணும். மூணு வாரம் எங்க வீட்டுத் தறி ஓடவில்லை. நெய்தால்தான் கூலி. அந்த மாசச் சீட்டுப் பணம் கட்ட அம்மா கம்மலை அடகு வைத்தாங்க. தெரு முழுக்க தறிச் சத்தம், எங்க வீட்டில் மட்டும் அமைதி. அந்த அமைதியில்தான் உட்கார்ந்து ஃபிசிக்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன்.

மேட்டர் இதுதான். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் 4 டிகிரி வரைக்கும் சுருங்கும், அதுக்கு அப்புறம் ரிவர்ஸ் கியர்! ஐஸ் ஆகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுதல் இடம் கேட்கும். 300 மில்லி தண்ணீர் 327 மில்லி ஐஸ் ஆகும். பாட்டில் கழுத்தில் காலி இடம் இருப்பதோ ஒன்றிரண்டு ஸ்பூன் அளவுதான்.

இதோடு கேஸ் வேற. ஐஸுக்குள்ளே கார்பன் டை ஆக்ஸைடுக்கு இடம் கிடையாது. ஐஸ் வளர வளர கேஸ் மிச்சமிருக்கிற திரவத்துக்கும் கழுத்துக்கும் விரட்டப்படும். உள்ளே அழுத்தம் எகிறும். கோலி சோடாவில் இது இன்னும் மோசம். ஹிராம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கிய டிசைன் அது. உள்ளே இருக்கிற கேஸ்தான் கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் ஏற ஏற பூட்டு இன்னும் இறுகுமே தவிர, திறக்காது.

மச்சானின் பீர் பாட்டிலில் தகர மூடி. சிலதில் மூடி வழிவிட்டிருக்கிறது. விடாத இடத்தில் கண்ணாடி விட்டிருக்கிறது.

"சரிடா, பீர்ல ஆல்கஹால் இருக்கே, அது உறையாதே?" என்றான்.

பாதி சரி. தனி ஆல்கஹால் உறைய மைனஸ் 114 டிகிரி வேணும். ஆனால் பீரில் அது 5 சதவீதம்தான், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பித்துவிடும். முதலில் ஐஸ் ஆவது தண்ணீர். ஆல்கஹாலும் சர்க்கரையும் மிச்ச திரவத்தில் சேர்ந்து கெட்டியாகும்.

ஜெர்மனியில் குல்ம்பாக் ஊரில் இதை வைத்தே ஒரு கதை சொல்வார்கள். மதுக்கூடத்து வேலைக்காரப் பையன் ஒருத்தன் பீப்பாயைப் பனியில் மறந்து விட்டுப் போய்விட்டான். பீப்பாய் வெடித்தது. நடுவில் உறையாமல் நின்ற கறுப்புத் திரவத்தை 'நீயே குடி'ன்னு முதலாளி தண்டனை கொடுத்தார். குடித்தால், செம டேஸ்ட்! 'ஐஸ்பாக்' என்கிற பீர் அப்படித்தான் பிறந்ததாம்.

மச்சானுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. மூடி வழியாக ஒழுகினது அந்தக் கெட்டியான பகுதிதான். அந்த பாட்டில்களில் மிஞ்சுவது உருகினால் கேஸ் இல்லாத சப்பைத் தண்ணீர்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். சோடா, கலர் எதுவானாலும் இதே ரூல்தான்:

உறைந்த பாட்டிலை வெறும் கையால் தொடாதீங்க. விரிசல் விட்ட கண்ணாடியை ஐஸே பசை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். சுடுதண்ணி வேண்டவே வேண்டாம், திடீர் சூட்டில் நல்ல கண்ணாடியும் தெறிக்கும். கனமான கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டிலை மூடியுள்ள பக்கெட்டில் நிறுத்தி, மெதுவாக உருக விடுங்க. விரிசலோ ஒழுகலோ இருந்தால் நேராகக் குப்பைக்கு, அதுவும் பேப்பரில் சுற்றி. குப்பை அள்ளுகிறவருக்கும் கை இருக்கு. 'வடிகட்டிக் குடிக்கலாமே'ன்னு ஐடியா சொல்கிற ஃப்ரெண்டை நம்பாதீங்க.

முழுசாகத் தப்பித்த பாட்டிலில் உள்ள பீர் கெட்டுப்போகாது. புரதம் பிரிந்து கொஞ்சம் கலங்கலாகத் தெரியலாம். வீட்டில் காய்ச்சின பீரில் கேஸ் உண்டாக்குவது அடியில் தங்கியிருக்கிற ஈஸ்ட். உறையும்போது அதில் பாதிக்கு மேல் செத்தாலும் மிச்சம் பிழைக்கும். கேஸ் ஏறி முடிவதற்கு முன்னாடி உறைந்திருந்தால், அறைச் சூட்டில் ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு முக்கிய விஷயம். அமெரிக்காவில் 1978-ல் வந்த மத்திய சட்டத் திருத்தத்துக்கு அப்புறம்தான் வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்ச வழி பிறந்தது. நம்ம ஊரில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். ஹாஸ்டல் ரூமில் ஆராய்ச்சி வேண்டாம் பாஸ்!

ரெண்டு வாரம் கழித்து மச்சான் மெசேஜ் அனுப்பினான். ஒன்பது பாட்டில் குப்பைக்கு, நாலு சப்பை, பதினொன்று ஓகே. அம்மாவிடம் சொன்னேன். அறுந்த இழையை முடிந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாங்க:

"பாட்டில் கெடக்கட்டும். அந்தப் புள்ள கை நல்லா இருக்குதா?"

நல்லா இருக்கும்மா.

ஃப்ரீஸரில் இப்போ ஏதாவது பாட்டில் வைத்துவிட்டா இதைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க? ஓடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!