மூன்று நிமிடம் பொறுத்தால் டர்போ பிழைக்கும்

கரும்புப் பாரத்துடன் ஆலை வாசலுக்கு வந்து சேரும் டிராக்டர்களைக் கவனித்தால் ஒரு காட்சி அடிக்கடி தென்படும். மேட்டுச் சாலையில் முழு இழுப்பில் வந்த வண்டி நின்றதும் நிற்காததுமாக டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு டீக்கடைப் பக்கம் இறங்கிவிடுகிறார். கோபி, பவானிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடை இயந்திரத்தை ஏற்றி வரும் லாரிகளிலும், திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. டீசல் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அந்தச் சிக்கனமே டர்போ பொருத்திய என்ஜினுக்கு எமனாகி விடுகிறது.

பழைய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு டர்போ கிடையாது. அவற்றில் பழகிய கைகளே இன்று புதிய வண்டிகளையும் ஓட்டுகின்றன. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த பெரிய டிராக்டர்களில் டர்போ சாதாரணமாகி விட்டது. லாரிகளில் அது வெகு நாட்களாகவே உண்டு. வண்டி மாறியிருக்கிறது, ஓட்டும் பழக்கம் மாறவில்லை. கோளாறுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

டர்போ என்பது விந்தையான பொருள் அல்ல. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடுவதால் கூடுதல் டீசல் முழுமையாக எரிகிறது. சிறிய என்ஜின் பெரிய பாரத்தை இழுக்கிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக் கூடியது. முழுப் பாரத்தில் புகையின் வெப்பம் 600 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். இந்த வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கித் தண்டைக் காப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

என்ஜினைத் திடீரென நிறுத்தினால் ஆயில் பம்பும் நின்றுவிடுகிறது. ஆனால் தண்டு உடனே நிற்பதில்லை. ஆயில் வரத்து இல்லாமலே சற்று நேரம் சுழல்கிறது. புகைப் பக்கத்துச் சூடு தண்டின் வழியே ஏறி, அங்கே தங்கிய ஆயிலைக் கருக்கிவிடுகிறது. கருகிய ஆயில் கரியாகப் படிந்து பேரிங்கையும் ஆயில் வழியையும் அடைக்கிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு சீசன் முழுவதும் இப்படியே நடந்தால் விசில் போன்ற சத்தம், நீலப் புகை, இழுப்புக் குறைவு என்று ஒவ்வொன்றாக வரும்.

ஆகவே பாரம் இழுத்து வந்த வண்டியை நிறுத்துமுன் 'ஐடிலிங்' எனப்படும் மெதுவோட்டத்தில் மூன்று நிமிடமாவது ஓடவிட வேண்டும். கையேட்டில் வேறு நேரம் குறித்திருந்தால் அதுவே முடிவு. இதற்கு ஆகும் டீசல் டிராக்டரில் நூறு மில்லிலிட்டர்கூட இராது. டர்போ மாற்ற ஆகும் செலவோ பல ஆயிரம் ரூபாய். அறுவடைக் காலத்தில் வண்டி பட்டறையில் நிற்கும் நஷ்டம் தனி. அதற்காக அரை மணி நேரம் வெறுமனே ஓடவிடுவதும் தவறு. ஆயில் கசியவும் கரி படியவும் அது இடம் கொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், ஆயில் அழுத்தம் ஏற ஒரு நிமிடம் விடுவதும் இதே கணக்குத்தான்.

இழுப்பிலும் முறை உண்டு. மேட்டில் பெரிய கியரிலேயே வண்டியைத் திணற விட்டால் கரும்புகை கக்கும். புகையின் வெப்பம் எல்லை மீறும். மேடு தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் பாரத்துடன் ஏறி மேலே சேர்ந்த வண்டியை உடனே நிறுத்துவது எல்லாவற்றிலும் கேடானது. இறங்கும்போது நியூட்ரலில் விடுவதோ உயிருக்கே ஆபத்து. இழுப்புக் கூட வேண்டுமென்று டீசல் பம்பைத் திருகிக் கூட்டுவோரும் உண்டு. கூடிய டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் வெப்பம் ஏறி, டர்போவுடன் பிஸ்டனும் போகும்.

அடுத்த எதிரி புழுதி. ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் எழும் மண்புழுதி சிறிதல்ல. ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும், உள்ளே போகும் மணல் சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும். கையேட்டில் சொன்ன தர ஆயிலை, சொன்ன மணிக்கு மாற்ற வேண்டும். மலிவு ஆயில் தேடுவது வேலியை விற்றுக் காவலாள் வைப்பது போன்றது.

டர்போ போனால் முதலில் பழி டிரைவர் மேல் விழுகிறது. இது நியாயமன்று. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, "சீக்கிரம் நிறுத்து, டீசல் போகுது" என்று அவசரப்படுத்துவது உரிமையாளர்தானே? அந்த மூன்று நிமிடத்தை அவரே அனுமதிக்க வேண்டும். வண்டியைக் கொடுக்கும் விற்பனையாளர், சாவியுடன் இந்த விவரத்தையும் தமிழில் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்டித் தர வேண்டும். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் பொறியியல் கல்லூரியும் உள்ளன. மாவட்டந்தோறும் வேளாண்மைப் பொறியியல் துறை இருக்கிறது. அறுவடைக்கு முன் டிரைவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த இவற்றுக்குப் பெரிய செலவு பிடிக்காது.

பார வண்டி இழுத்து வந்த காங்கேயம் காளையை நுகத்திலிருந்து அவிழ்த்ததும் தண்ணீர் காட்டாமல், மூச்சு அடங்கச் சற்று நிற்க விட்டவர்கள் கொங்குநாட்டு உழவர்கள். மாட்டுக்குத் தெரிந்து காட்டிய அந்தப் பொறுமையை, கடன் வாங்கி வாங்கிய என்ஜினுக்கும் காட்டினால் போதும்.