மாறிச் செல்லும் உரிமைக்குக் காவல் வேண்டும்

பாமன்கடையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே வெள்ளவத்தைக் கடைத்தெருவை நோக்கி நடப்பவர் சற்றே அண்ணாந்து பார்த்தால் போதும். கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கம்பிகள் சடைசடையாய்த் தொங்குகின்றன. அவற்றுள் எது இன்றும் ஒளி ஓடும் இழை, எது என்றோ கைவிடப்பட்ட வெறுங்கம்பி என்பதைக் கீழே நிற்பவர் அறிய வழியில்லை. ஒரு குடும்பம் ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது புதிய கம்பி ஒன்று வந்து சேர்கிறது. பழையதை அகற்றும் பொறுப்பை எவரும் விரைந்து ஏற்பதில்லை. கம்பிக்கு நேர்வதே குடும்பத்துக்கும் நேர்கிறது. பழைய நிறுவனம் அதை முற்றாக விடுவிப்பதில்லை, புதிய நிறுவனம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, இடைப்பட்ட நாள்களில் அக்குடும்பம் அந்தரத்தில் நிற்கிறது.

நாட்டில் எத்தனையோ பெருந்துயர்கள் இருக்க, வீட்டு இணைய இணைப்புக்கு ஒரு தலையங்கமா என்று கேட்போர் இருக்கலாம். வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளின் கதவுகளைத் தட்டிப் பார்த்தால் அவர்களுக்கு விடை கிடைக்கும். 1983க்குப் பிந்திய இடப்பெயர்வுகள் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை உலகெங்கும் சிதறடித்தன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, எழுபதைக் கடந்த தாயும் தந்தையும் மூன்றாம் மாடியில் தனித்திருக்கும் வீடுகள் இங்கு பல. பேரப்பிள்ளையின் முகம் அவர்களுக்குத் தெரிவது அந்த ஒளியிழையின் வழியேதான். வாசற்கதவின் கமராவை மகள் கடல் கடந்து பார்ப்பதும், க.பொ.த. உயர்தர மாணவி தன் தனியார் வகுப்பைக் கேட்பதும், இளைஞன் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்து குடும்பத்தைத் தாங்குவதும் அதன் வழியேதான். தண்ணீரும் மின்சாரமும் போல இதுவும் இன்று குடும்பத்தின் அடிப்படைத் தேவையாகிவிட்டது.

இந்நிலைக்கு நாம் வந்த வழியையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்றும் நம்மிடையே உண்டு. அன்று தொலைபேசி அரசின் ஒரு திணைக்களம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் அதை ஸ்ரீலங்கா ரெலிகொம் என்னும் கூட்டுத்தாபனமாக்கியது. 1996 ஆம் ஆண்டின் திருத்தம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. அதே ஆண்டில் சன்ரெல், லங்கா பெல் என்னும் இரு நிறுவனங்கள் கம்பியில்லாத நிலைத் தொலைபேசிக்கு உரிமம் பெற்றன. மறு ஆண்டு ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 விழுக்காட்டுப் பங்கை யப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. போட்டி பிறந்தது, காத்திருப்போர் பட்டியல் கரைந்தது. அந்தப் போட்டி பெரிதும் வானலையில் நடந்த போட்டி என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு நிறுவனம் பிடிக்காவிட்டால் சிம் அட்டையை மாற்றினால் முடிந்தது. எவரும் சுவரைத் துளைப்பதில்லை, மாடிப்படியில் ஏறுவதுமில்லை.

ஒளியிழை மீண்டும் நம்மைக் கம்பியின் காலத்துக்கே கொண்டு சென்றுவிட்டது. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, வழியில் பிரிப்பான் என்னும் சிறு கருவியால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் பெட்டியின் தொடரிலக்கம் அந்த நிறுவனத்தின் நிலையக் கருவியில் பதியப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றதன் வலையமைப்பில் பொதுவாகப் பயன்படாது. இழையோ 125 மைக்ரோமீட்டர் பருமனே கொண்ட கண்ணாடி. கதவிடுக்கில் நசுங்கினாலும் சுவர் மூலையில் கூர்மையாக வளைந்தாலும் ஒளி கசிந்துவிடும். பழைய இழையைப் பிடித்து இழுத்து அதே குழாய்வழி புதியதைச் செலுத்த முயலும்போது இரண்டுமே முறிந்துபோவதுண்டு. அப்போது பெட்டியில் எல்ஓஎஸ் என்று குறித்த சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கும். ஒளி வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டிப் பழைய நிறுவனத்திடம் முறையிட்டால், நீங்கள்தாம் விலகிவிட்டீர்களே என்பார்கள். புதிய நிறுவனத்திடம் முறையிட்டால், உள்வழிக் குழாய் எங்கள் பொறுப்பன்று என்பார்கள்.

மாறிய குடும்பங்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால், அவற்றின் வேர் ஒன்றே என்பது புலப்படும். இரு நிறுவனங்களும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. இருவருக்கும் இடையே தூது செல்லும் வேலை வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. புதிய இணைப்பு எந்நாளில் வரும் என்று உறுதியாகத் தெரியாமல் பழையதை எந்நாளில் நிறுத்தச் சொல்வது? முன்கூட்டியே நிறுத்தினால் வீடு இருளில் கிடக்கும். பிந்தி நிறுத்தினால் இரு பட்டியல்களுக்கும் பணம் கட்ட வேண்டும். நிறுத்துமாறு தொலைபேசியில் சொன்னது ஏற்கப்பட்டதா என்பது அடுத்த மாதப் பட்டியல் வந்த பின்னரே தெரியும். திருப்பிக் கொடுத்த பெட்டிக்குப் பற்றுச்சீட்டு வாங்கத் தவறியவரிடம், மாதங்கள் கழித்து அதன் விலை கேட்கப்படும்.

வீட்டுத் தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதே பெட்டியில் பிணைந்திருப்பது இன்னொரு சிக்கல். இணையத்தை மட்டும் மாற்ற விரும்பியவர் பல்லாண்டுப் பழைமையுள்ள 011 இலக்கத்தையும் சேர்த்தே இழக்கிறார். புலம்பெயர்ந்த உறவினர்க்கு மனப்பாடமாயிருக்கும் இலக்கம் அது. கோயில் உபயப் புத்தகத்திலும் மருத்துவமனைக் கோப்பிலும் பதிந்திருக்கும் இலக்கம். இந்தியாவில் 2011 சனவரி 20 முதல் நாடு முழுவதும் கைத்தொலைபேசி இலக்கத்தை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற முடிகிறது. இங்கே அதே ஏற்பாடு பல்லாண்டுகள் பேச்சளவில் இழுபட்ட கதை ஊரறிந்தது. கைத்தொலைபேசிக்கே அந்தக் கதியெனில், வீட்டு இலக்கத்துக்காக யார் வாய் திறந்தார்கள்?

வாடகைக் குடியிருப்பாளரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இணைப்பு வீட்டு உரிமையாளரின் பெயரில் இருக்கும். உரிமையாளர் கனடாவில் இருப்பார். நிறுத்துவதற்கு அவருடைய கையொப்பமும் அடையாள அட்டைப் படியும் கேட்கப்படும். மாதந்தோறும் பணம் கட்டியவர் ஒருவர், பேசும் உரிமை உடையவர் வேறொருவர். தொடர்மாடியிலோ இருவரது விருப்பமும் போதாது. மாடிப்படியும் கம்பிக் குழாயும் கூட்டு ஆதனம். முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் இசைவு வேண்டும். ஒரே ஒரு தொலைபேசிக் கம்பியை மனத்தில் வைத்துக் கட்டிய பழைய கட்டடங்களில் இரண்டாம் இழைக்கு இடமே இருக்காது. கட்டடத்துக்குள் ஏற்கனவே கம்பி இழுத்துவிட்ட நிறுவனமே அங்கு என்றென்றைக்கும் அரசாள்கிறது. மாடியில் குடியிருப்பவருக்குத் தெரிவு என்பது விளம்பரப் பலகையில் மட்டுமே உண்டு.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு இழை இழுத்துப் பெட்டி பொருத்துவது செலவுள்ள வேலை. அந்தச் செலவை மாதக் கட்டணத்தின் வழி மீட்க, குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் ஒன்றை வைப்பது தன்னளவில் தவறன்று. வெளிநாட்டு நாணய நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கருவிகளின் விலை ஏறியதையும் நாம் அறிவோம். தவறு எங்கே இருக்கிறதென்றால், அந்தக் காலம் எப்போது முடிகிறது, இன்று விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வாடிக்கையாளர் எளிதில் அறிய முடியாமலிருப்பதில். ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் நாளில் பொடி எழுத்தில் புதைந்திருந்த விதி, விலகும் நாளில்தான் பேருருக் கொண்டு எழுகிறது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் நம் சட்டநூலில் இருக்கிறது. ஆயினும் மூவாயிரம் ரூபாய்த் தகராறுக்கு எந்தக் குடும்பம் நீதிமன்றப் படியேறும்?

இச்சிக்கல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று, தீர்வும் அறியப்படாததன்று. பிரித்தானியாவில் ஒரே வலையமைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கிடையே மாறுவது முன்னரே எளிது. வெவ்வேறு கம்பிகளை உடைய நிறுவனங்களுக்கிடையே மாறுபவர்தாம் நம்மைப் போலவே இருவரிடமும் அலைந்தனர். 2024 செப்டெம்பர் 12 முதல் அந்த அலைச்சல் நீங்கியது. இப்போது வாடிக்கையாளர் புதிய நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். பழையதோடு கணக்கு முடிப்பது புதிய நிறுவனத்தின் கடமை. விலகுவதால் என்ன செலவு நேரும் என்பதைப் பழைய நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாறிய நாளுக்குப் பின் முன்னறிவிப்புக் காலத்தின் பெயரால் பணம் கேட்கக் கூடாது. ஒரு வேலை நாளுக்கு மேல் இணைப்பு அறுந்தால் இழப்பீடு. இந்த ஏற்பாடு 2023 ஏப்பிரலில் தொடங்கியிருக்க வேண்டியது. நிறுவனங்கள் ஆயத்தமாகாததால் பதினேழு மாதம் தாமதித்தது. அங்கும் நிறுவனங்கள் தாமாக இதைச் செய்துவிடவில்லை. ஒழுங்குபடுத்தும் அமைப்பு விதித்தது, விடாது வற்புறுத்தியது, அதன் பின்னரே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2018 இல் இயற்றிய தொடர்பாடல் சட்டக் கோவையில், மாற்றத்தை நடத்தும் பொறுப்பைப் புதிய நிறுவனத்திடமே ஒப்படைத்தது.

சிங்கப்பூர் இன்னும் ஆழமாகச் சென்றது. வீட்டுக்கு இழை கொண்டு செல்லும் நிறுவனம் ஒன்று. அந்த இழையின் மேல் இணையச் சேவை விற்கும் நிறுவனங்கள் பல. இழைக்கு உரியவர் வாடிக்கையாளரிடம் நேரடியாக இணையச் சேவை விற்பதில்லை. ஆகவே மாறும்போது சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே கம்பம் தேடித் தனித்தனியே கம்பி இழுக்கும் நம் முறையைவிட அது சிக்கனமானது, அழகானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரே இரவில் அதை இங்கே கொணர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் புதிதாக எழும் தொடர்மாடிகளிலாவது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான உள்வழி இழையை இட வேண்டும் என்று விதிப்பதற்குத் தடை என்ன? பாமன்கடையில் இன்று அத்திவாரம் தோண்டப்படும் கட்டடத்துக்கு இன்று விதிக்காவிட்டால், அதன் குடியிருப்பாளர் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பர். கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையும் கொழும்பு மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் ஆணைக்குழுவோடு ஒரே மேசையில் அமர்ந்தால் தீரும் காரியம் இது.

காலமும் வாய்த்திருக்கிறது. 1996க்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024 இல் தொலைத்தொடர்புகள் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பின் ஸ்ரார்லிங்க் செய்மதிச் சேவைக்கு உரிமம் கிடைத்தது. 2025 யூலையில் சேவையும் தொடங்கியது. புதியவர் உள்ளே வர வழி திறந்த அரசு, ஏற்கனவே உள்ளவரிடமிருந்து வாடிக்கையாளர் வெளியேறும் வழியையும் திறக்க வேண்டும். இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். நாட்டின் மிகப் பெரிய நிலைத் தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதி, 49.5 விழுக்காடு, திறைசேரியின் கையில் இருக்கிறது. போட்டியாளர்களுக்கிடையே நடுவராக நிற்க வேண்டிய அரசே ஆட்டக்காரரில் ஒருவராகவும் இருக்கிறது. அதனாலேயே ஆணைக்குழு தன் நடுநிலையை மற்ற நாடுகளைவிட ஒரு படி கூடுதலாகவே மெய்ப்பித்துக் காட்டக் கடமைப்பட்டுள்ளது.

விதிகள் வரும்வரை வாசகர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். புதிய இணைப்பு ஒளிர்ந்து சில நாள் ஓடிய பின்னரே பழையதை நிறுத்தக் கோருங்கள். அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட ஒப்புகை பெறுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் தொடரிலக்கம் தெரியப் படம் எடுத்து, பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பழைய இழையைக் குழாயிலிருந்து இழுத்தெடுக்க எவரையும் விடாதீர்கள், புதியது வேலை செய்யும்வரை. அயலில் தனித்து வாழும் முதியவர் மாற விரும்பினால், பணியாளர் வரும் நாளில் அவரோடு உடனிருங்கள். குறை தீராவிட்டால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்தையும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தையும் அழையுங்கள். அழைத்ததோடு நில்லாமல் எழுத்திலும் முறையிடுங்கள்.

ஆணைக்குழுவை நாம் கேட்பது இது: மாற்றத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பைப் புதிய நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். மாறிய நாளோடு பழைய பட்டியலை நிறுத்துங்கள். இலக்கத்தை வாடிக்கையாளரின் உடைமையாக்குங்கள். விலகும் நியதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில், ஒப்பமிடும் முன்னரே, அவர் கையில் கொடுக்கச் செய்யுங்கள். இவ்விதிகளின் வரைவை மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் பார்வைக்குத் தாமதமின்றி வெளியிடுங்கள்.