மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம்
பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அப்பா தறியில் பட்டுச் சேலை நெய்கிறார். அம்மா பட்டு இழைத்துத் தருகிறாள். மகளுக்கு வயது பதினாறு. பிளஸ் ஒன் படிக்கிறாள்.

சில மாதங்களாக அவள் யாரோடும் பேசுவதில்லை. சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று அழுகிறாள். திருஷ்டி கழித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் டாக்டரிடம் போனார்கள். "இது மனச்சோர்வு நோய்" என்று சொல்லி அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் ஆயிற்று. அழுகை குறைந்தது. ஆனால் புதிதாக ஒரு தவிப்பு வந்தது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரவெல்லாம் நடக்கிறாள். தொட்டதற்கெல்லாம் சீறுகிறாள்.

"இந்த மாத்திரைதான் பிள்ளையைக் கெடுக்கிறது. தூக்கி எறி!" என்கிறார் அப்பா.

"ஏங்க, டாக்டர் கொடுத்ததை நாமாக நிறுத்தலாமா?" என்கிறாள் அம்மா.

யார் சொல்வது சரி? இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. இது கதைக்காகச் சொன்ன குடும்பம். ஆனால் இந்த வழக்கு பல வீடுகளில் நடக்கிறது.

அப்பாவின் பயம் வீண் அல்ல

2004 அக்டோபரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. மனச்சோர்வு மருந்துகளின் விவரத் தாளில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது. காரணம் என்ன?

24 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 4,400 பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள். சிலருக்கு உண்மையான மருந்து கொடுக்கப்பட்டது. சிலருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 2 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 4 பேருக்குக் காணப்பட்டது. அந்த ஆராய்ச்சிகளில் ஒருவரும் உயிர் இழக்கவில்லை. ஆனாலும் இரண்டு நான்கானதை அலட்சியம் செய்ய முடியுமா? 2007இல் இந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டப்பட்டது.

அம்மாவின் நம்பிக்கையும் வீண் அல்ல

அதே 2004இல் இன்னோர் ஆராய்ச்சியின் முடிவும் வெளிவந்தது. மனச்சோர்வு உள்ள 439 பிள்ளைகளுக்கு 12 வாரம் வைத்தியம் நடந்தது. அவர்கள் 12 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள். வெறும் மாத்திரையில் 100க்கு 35 பேர் தேறினார்கள். ஃப்ளூஆக்ஸெடின் என்ற மருந்தில் 61 பேர் தேறினார்கள். அந்த மருந்தோடு மனநல ஆலோசனையும் சேர்ந்தபோது 71 பேர் தேறினார்கள்.

ஆக, மருந்து பலன் தருகிறது. ஆனால் பலன் தெரிய நாலு வாரம், சில சமயம் ஆறு வாரமும் ஆகும். தொல்லையோ முதல் நாட்களிலேயே வரலாம். குமட்டல், தலைவலி, தூக்கக் கேடு போன்றவை பெரும்பாலும் தாமாகக் குறையும். அடங்காத தவிப்பு, திடீர்க் கோபம், "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு இவை வேறு. அன்றே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றும் நாட்களிலும் இதே கவனம் தேவை.

இன்னொரு விஷயம். சிலருக்குச் சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும். அவர்களுக்கு இந்த மருந்தை மட்டும் கொடுத்தால் உற்சாகம் எல்லை மீறலாம். தூங்காமலே சுறுசுறுப்பு, ஓயாத பேச்சு, கண்டபடி செலவு என்று போகும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்ததுண்டா? வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிக்கல் எங்கே?

எச்சரிக்கை சொல்வது இதுதான்: மருந்து ஆரம்பித்தவுடன் பிள்ளையை அடிக்கடி பார்க்க வேண்டும். ஆனால் நெசவாளிக்குச் சேலைக்குத்தான் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் தறி நிற்கும். கூலியும் நிற்கும். "மாத்திரைதான் இருக்கிறதே" என்று அடுத்த முறை போகாமல் விடுகிறார்கள். "வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்குமா?" என்ற பயம் வேறு. அபாயமான வாரங்களில் பிள்ளையைப் பார்க்க டாக்டர் இல்லை. வீட்டார்தான் இருக்கிறார்கள்.

வீட்டாரின் பலம் நம் பக்கத்தில் புதிதல்ல. ஆரணி சாலையில் வேலூருக்கு அருகே பாகாயம் இருக்கிறது. அங்கே 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி வைத்தியத்தில் பங்குகொள்ளும் முறை வளர்ந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மாத்திரையைப் பெரியவர்கள் பூட்டி வைத்து, தினம் தங்கள் கையால் கொடுக்க வேண்டும்.

தூக்கம், சாப்பாடு, கோபம் இவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

"உனக்கு விபரீத எண்ணம் வருகிறதா?" என்று கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால் பிள்ளை மனம் திறக்கும்.

நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். டாக்டர் சொன்னபடி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்குவதும் தவறு.

உரிமை உண்டு

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருந்தின் பக்க விளைவுகளைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிலையங்களில் மனநல ஆலோசகர் வேண்டும் என்று வழிகாட்டியது. நல்லது. ஆனால் அதோடு நின்றால் போதாது. மாத்திரை தொடங்கிய பிள்ளையின் வீட்டுக்கு முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் விசாரிக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. நெசவாளியின் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

அதுவரை, 14416 என்ற எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2022இல் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. இரவிலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழில் பதில் கிடைக்கும்.

அந்த அப்பா மாத்திரையை எறிய வேண்டாம். அம்மா சும்மா இருக்கவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து அன்றே டாக்டருக்குப் போன் செய்யட்டும். தறி ஒரு நாள் நின்றால் மறுநாள் ஓட்டிக்கொள்ளலாம்.