விடையைத் தலைப்பில் எழுதிவிட்டு எதற்குப் புதிர்?



"சார், பையன் ஆப்பில் தினமும் நூறு டிஃப்ளெக்‌ஷன் புதிர் போடுகிறான்" என்று பெருமையாக எழுதுகிறீர்கள். கோபிக்காதீர்கள், அது பயிற்சியே இல்லை. எதிரியின் காவல்காயை வேறு கட்டத்துக்கு இழுக்க வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. 'இதைப் பெருக்கு' என்றால் எவன்தான் பெருக்கமாட்டான்? எங்கே பெருக்குவது என்று கண்டுபிடிப்பதல்லவா கணக்கு!

போன மாதம் என் பேத்தி ஒரு போட்டியில் தோற்றாள். அவள் ராணிதான் கடைசி வரிசைக்குக் காவல். எதிரே இருந்த பெண் ஒரு யானையைச் சும்மா நீட்டினாள். இவள் ராணியால் எடுத்தாள். அடுத்த நகர்வில் மேட். வீடு வரும்வரை பேசவில்லை. புதிரில் எப்போதும் நாம்தான் ஜெயிக்கிற பக்கம். நம் காய்களில் எது காவல் நிற்கிறது என்று அது ஒருநாளும் கேட்பதில்லை.

1920இல் நியூ ஆர்லியன்ஸில் ஆடம்ஸ், மெக்சிகோக்காரரான டோரேயுடன் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். (அது நிஜமாக ஆடியதா, சோடித்ததா என்று சர்ச்சை உண்டு. பாடத்துக்கு அதனால் குறைவில்லை.) கறுப்பின் இ8 யானைக்கு ராணியும் இன்னொரு யானையும் காவல். ஆடம்ஸ் ஜி4, சி4, சி7 என்று தன் ராணியை மாறி மாறி நீட்டுகிறார். எதனால் எடுத்தாலும் காவல் போய்விடும், மேட். அடுத்து ராணியால் பி7 சிப்பாயை எடுக்கக் கை துடிக்கும். எடுத்திருந்தால் கறுப்பு தன் ராணியைக் கொடுத்து இ2 யானையை வெட்டி, ஆடம்ஸின் கடைசி வரிசையிலேயே மேட் வைத்திருக்கும்! முதலில் ஏ4, பிறகு யானை இ4. அதற்கப்புறம்தான் பி7. கடிகாரத்தை ஓடவிட்டு வேகத்துக்கு மதிப்பெண் போடும் ஆப் இந்தப் பொறுமையைக் கற்றுத்தருமா?

ஆரம்பத்தில் தலைப்போடு பத்துப் புதிர் போடட்டும், உருவம் பிடிபட வேண்டுமே. அதற்குமேல் வேண்டாம். தலைப்பில்லாத கலப்புப் புதிர், கடிகாரம் இல்லாமல், நாளைக்கு ஐந்து போதும். தோற்ற ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி, ஒவ்வொரு காயையும் தொட்டு "நீ எதற்குக் காவல்?" என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும். இரண்டு வேலை பார்க்கிற காய் தானே மாட்டிக்கொள்ளும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு, புதிர் எண்ணிக்கையை வாட்ஸப்பில் அனுப்பிப் பெற்றோரைக் குளிர்விக்கிற பயிற்சியாளர்களும் இதைப் படிக்கலாம். அவர்களில் இரண்டு பேர் என் மாணவர்கள், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். போன் வாசலிலேயே இருக்கட்டும். என் பலகையில் ஒரு கறுப்புக் குதிரை காணோம், புளியங்கொட்டை வைத்து ஆடுவோம்.