விளையாட்டும் மருந்தாகும்

"படிக்கிற நேரத்தில் விளையாட்டா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாத பெற்றோர் நம்மிடையே இலர். விளையாட்டு என்பது வேலையற்றோர் செயல் என்ற எண்ணம் நம்முள் ஆழ வேரூன்றியிருக்கிறது. கைப்பேசியிலும் தொலைக்காட்சித் திரையிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றியோ கேட்கவே வேண்டியதில்லை. பாரிசவாதத்தால் கை கால் விழுந்தவர்களுக்கு அவ்விளையாட்டுகளையே பயிற்சியாகக் கொடுக்கும் வைத்தியசாலைகளும் உள்ளன என்றால் வாசகர்கள் வியப்புறக்கூடும். இவ்வாரம் அதுபற்றிச் சிறிது ஆராய்வோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி அழிந்துபடுவதே பாரிசவாதம். இடப்பக்க மூளை கெட்டால் வலக்கை தளரும். வலப்பக்கம் கெட்டால் இடக்கை தளரும். அழிந்த பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆயினும், எஞ்சிய பகுதிகள் அதன் வேலையில் ஒரு பங்கைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவை. அதற்கு முதன்மையான வழி, ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுதலே.

இதனை விளக்க மலைநாட்டில் வேறு உவமை தேட வேண்டியதில்லை. கொழுந்தெடுக்கப் புதிதாக மலைக்கு ஏறும் பெண், முதல் நாளில் ஒவ்வோர் அரும்பையும் கண்ணால் தேடி, விரலால் தயங்கித் தயங்கிக் கிள்ளுகிறாள். சில மாதங்கள் சென்றபின், கண் அடுத்த செடிக்குப் போய்விட, விரல்கள் தாமாகவே இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளியெடுக்கின்றன. ஆயிரமாயிரம் தடவை செய்ததனால் வந்த தேர்ச்சி அது. வாதம் கண்ட கையும் அவ்வாறே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆனால், பயிற்சி போதிய அளவு நடைபெறுவதில்லை. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வொன்று, அன்றாட வேலைக்குரிய கை அசைவுகளைப் பழக்கிய வேளைகளிற்கூட நோயாளர்கள் சராசரியாக 32 தடவை மட்டுமே அவற்றைச் செய்தனர் எனக் கண்டது. காரணம் அறியக் கடினமன்று. வெறுங்கையை நூறு முறை நீட்டி மடக்கு என்றால், பத்தாம் முறையிலேயே சலிப்புத் தட்டிவிடும். திரையிலே வரும் பந்தை அடி, எண்ணிக்கை ஏறும் என்றாலோ, நூறு கடந்ததும் தெரியாது. வீடியோ விளையாட்டு வைத்தியத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இதுவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' என்னும் சிறு கருவி இவ்வகையைச் சேர்ந்தது. ஒரே மோட்டாரில் வெவ்வேறு கைப்பிடிகளை மாட்டி, மணிக்கட்டையும் விரல்களையும் அசைத்து, கணினித் திரையில் விளையாடலாம்.

நிற்க. லயத்துக் காம்பராவில் வாழ்பவர் இத்தகைய கருவிக்கு எங்கே போவார் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அதற்கு ஆறுதலான விடை ஒன்று உண்டு. கனடா, ஆர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 141 நோயாளர்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு, ஒரு சாராருக்கு நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' என்னும் வீடியோ விளையாட்டுக் கருவி கொடுக்கப்பட்டது. மற்றச் சாராருக்குச் சீட்டாட்டம், மரக்கட்டை அடுக்கும் ஆட்டம், பந்து விளையாட்டு முதலியன கொடுக்கப்பட்டன. இரு சாராருமே தேறினர். வீடியோ விளையாட்டு மேலானதாகக் காணப்படவில்லை. ஆகவே, பழக்கமே முதன்மையானது. கருவி அதற்கு ஒரு துணை.

அப்படியாயின், நம் வீட்டுக் கரம் பலகையும், தாயக் கட்டையும், பல்லாங்குழியும் எதற்கு இருக்கின்றன? புளியங்கொட்டையை விரல் நுனியால் எடுத்துக் குழியில் இடுவதும், கரம் காயைச் சுண்டுவதும், சீட்டை விசிறிபோல் பிடிப்பதும் கைக்கு உகந்த பயிற்சிகளே. வீட்டில் கைப்பேசி இருப்பின், அதன் விளையாட்டும் விரலுக்கு உதவும்.

இங்கே நம்முடைய அன்பே சில வேளைகளில் இடையூறாகிவிடுகிறது. "நீங்கள் பேசாமல் இருங்கள் அப்பாயி, நாங்கள் ஊட்டுகிறோம்" என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். அசையக்கூடிய கையும் பயன்படுத்தாமையால் மறந்துபோகும் என்பதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். நல்ல கைக்குக் கையுறை மாட்டி, தளர்ந்த கையை வேலைவாங்கும் சிகிச்சை முறை அவர் ஆராய்ச்சியின் பயனே.

எனினும், வீட்டு விளையாட்டு ஒன்றே போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1250 நோயாளர்களிடையே, குடும்பத்தாரைக் கொண்டே வீட்டில் பயிற்சி அளிக்கும் முறை சோதிக்கப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவில், அம்முறையால் மேலதிக நன்மை காணப்படவில்லை. அன்பு மிகுந்திருந்தாலும், அறிந்தவர் வழிகாட்டல் வேண்டும். எந்த அசைவை, எவ்வளவு நேரம் பழக்குவது என்பதை இயன்மருத்துவரே கூற வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டுக்குக் கேடு விளையும் என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் இயன்மருத்துவரைக் காணத் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ நோயாளியை அழைத்துச் செல்வதென்றால், உடன் செல்பவருக்கு அன்றைய பேர் போய்விடுகிறது. வண்டிக் கூலி வேறு. இரண்டு முறை போனவர்கள் மூன்றாம் முறை நின்றுவிடுவதில் வியப்பென்ன? மாதம் ஒரு முறையேனும் இயன்மருத்துவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருவதற்கு உரியவர்கள் வழிசெய்வார்களாயின், எத்தனையோ கைகள் மீண்டும் தேநீர்க் குவளையைப் பிடிக்கும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதனையும் கேட்கலாம்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் பாட்டியோடு பல்லாங்குழி ஆடுங்கள். தளர்ந்த கையால் எத்தனை காய் எடுத்தார் என்பதை ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்து வையுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் மறவாமல் கொடுத்தனுப்புங்கள்.