பிரன்சன் விட்டது 11.3 கோடி டாலரா? கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போம்

இந்த வாரம் எஸ்ஐபி இல்லை, ஐடிஆர் இல்லை. கூடைப்பந்து. என்பிஏ பார்க்காதவங்களும் தைரியமா படிக்கலாம், ஏன்னா விஷயம் சம்பளம் பத்தினது.

நியூயார்க் நிக்ஸ் அணியின் கேப்டன் ஜேலன் பிரன்சன் 2024 ஜூலையில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம், 15.65 கோடி டாலர். ஒரு வருடம் பொறுத்து 2025 கோடையில் போட்டிருந்தால் ஐந்து வருடத்துக்கு 26.91 கோடி டாலர் வரை கிடைத்திருக்கும். இரண்டையும் கழிச்சா சுமார் 11.3 கோடி. அந்த எண்ணை எடுத்துக்கிட்டு "அணிக்காக 11.3 கோடி டாலரைத் தியாகம் பண்ணினவர்"னு தலைப்புப் போட்டாங்க. 2025-26 சீசனில் அந்த ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் கதை மறுபடி சுத்துது. பின்னணியில் சோக இசை, திரையில் "பணத்தைவிட விசுவாசம் பெரிது".

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். பிரன்சன் செய்தது நல்ல முடிவு. ஆனா அது தியாகம் இல்லை. அதைத் தியாகம்னு சொல்லிச் சொல்லியே அடுத்த ஆட்டக்காரரோட சம்பளத்துக்கு வேட்டு வைக்கிறோம்.

முதலில் அந்த 11.3 கோடி. நான்கு வருடச் சம்பளத்தை ஐந்து வருடச் சம்பளத்திலிருந்து கழிச்சு வந்த எண் இது. நாலு வருஷ எஃப்டி வட்டியையும் அஞ்சு வருஷ எஃப்டி வட்டியையும் பக்கத்தில் வெச்சு "ஐயோ நஷ்டம்"னு யாராவது சொன்னா சிரிப்போம் இல்லையா? அதே தப்புதான்.

சரியா ஒப்பிட்டா இப்படி வரும். என்பிஏ விதிப்படி இந்த மாதிரி ஒப்பந்தத்தில் முதல் வருடச் சம்பளத்தில் 8 சதவீதம் ஒவ்வொரு வருடமும் கூடும். காத்திருந்தால் முதல் வருடம் சுமார் 4.64 கோடி, போட்ட ஒப்பந்தத்தில் சுமார் 3.49 கோடி. அதே நான்கு வருடங்களை மட்டும் எடுத்தா வித்தியாசம் 5.14 கோடி. மீதி 6.1 கோடி சொச்சம் ஐந்தாவது வருடச் சம்பளம். அந்த வருடம் அவர் வீட்டில் சும்மா உட்காரப் போவதில்லை, ஆடி சம்பாதிக்கத்தான் போறார்.

இன்னொரு படி இறங்கலாம். நான்காவது வருடம் பிரன்சனோட விருப்பம். வேண்டாம்னு சொல்லிட்டு 2028 கோடையில் வெளியே வரலாம். ஏன் 2028 முக்கியம்? அவர் 2018 டிராஃப்டில் 33வது ஆளா வந்தவர். 2028ல் பத்து சீசன் முடியும். பத்து சீசன் முடிச்சவருக்கு அணியின் சம்பள உச்சவரம்பில் 35 சதவீதம் வரை கேட்க உரிமை உண்டு. அதுவரைக்கும் அவருடைய அடுக்கு 30 சதவீதம்தான். ஆக உறுதியா விட்டது முதல் மூன்று வருட வித்தியாசம், சுமார் 3.7 கோடி டாலர். நியூயார்க் மாநகரத்தில் குடியிருக்கிறவருக்கு மத்திய, மாநில, மாநகர வரி எல்லாம் உச்ச அடுக்கில் சேர்ந்தா பாதிக்கு மேல் போயிடும். கைக்கு வராமப் போனது இரண்டு கோடிக்கும் குறைவு. பெரிய பணம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா தலைப்பில் இருந்த எண் எங்கே, இது எங்கே!

அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினார்? ஒரு வருடக் காப்பீடு. 2024-25 சீசனில் முழங்காலோ குதிகால் தசைநாரோ போயிருந்தா 26.91 கோடி வெறும் காகிதம். பயம் காட்டறேன்னு நினைக்காதீங்க, ஐசையா தாமஸைப் பாருங்க. 2016-17ல் பாஸ்டனுக்காக ஆட்டத்துக்கு 28.9 புள்ளி. அடுத்த ஒப்பந்தத்துக்குப் பணம் ஏத்தின வேனே வரவேண்டியிருக்கும்னு வெளிப்படையா பேசிக்கிட்டிருந்தார். அந்த பிளேஆஃபில் இடுப்பு போச்சு, கோடையில் அணியும் அவரை மாத்தி அனுப்பிடுச்சு. 2018ல் டென்வரில் அவர் போட்டது குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தம், சுமார் 20 லட்சம் டாலர். அவரும் உயரம் குறைவான பாயின்ட் கார்டுதான். பிரன்சனுக்கு இந்தக் கதை தெரியாதா என்ன? 2025 மார்ச்சில் கணுக்கால் சுளுக்கி ஒரு மாதம் உட்கார்ந்தபோது அந்தக் கையெழுத்தை நினைச்சு நிம்மதியா தூங்கியிருப்பார்னுதான் எனக்குத் தோணுது.

காப்பீடு இலவசம்னும் சொல்ல மாட்டேன். 2028 கோடையில் அவருக்கு 32 வயசு ஆகப் போகும். ஆறடி இரண்டு அங்குல கார்டுக்கு அந்த வயதில் எந்த அணி முழு 35 சதவீதம் தரும்? தராமலும் போகலாம். பக்கத்தில் இருந்த ரிஸ்கை விற்று, தள்ளி இருக்கிற ரிஸ்கை வாங்கியிருக்கிறார். விலை பேசி எடுத்த முடிவு அது.

லூகா டான்சிச் கதையைப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. அதே 2018 டிராஃப்ட், அதே டாலஸ் அணியில் தொடங்கியவர். டாலஸிலேயே இருந்திருந்தா 34.5 கோடி டாலர் அளவுக்கு ஒப்பந்தம் வாய்த்திருக்கும். 2025 பிப்ரவரியில் அணி அவரை லேக்கர்ஸுக்கு மாத்திவிட்டது. அந்தத் தகுதியும் அத்தோடு போச்சு. ஆகஸ்டில் லேக்கர்ஸில் அவர் போட்டது மூன்று வருடம், 16.5 கோடி. நான்கு வருடத்துக்கு 22.9 கோடி வரை போட்டிருக்கலாம். அவரும் 2028ல் வெளியே வரும்படிதான் அமைத்திருக்கிறார். ஆறு கோடி டாலர் தியாகம்னு யாராவது ரீல் போட்டாங்களா? இல்லை. அவர் செஞ்சா வியூகம், பிரன்சன் செஞ்சா விசுவாசம்!

நிக்ஸுக்கு இதில் லாபம் உண்டா? நிச்சயமா. இரண்டாவது ஏப்ரன்னு ஒரு சம்பளக் கோடு இருக்கு, 2025-26ல் 20.78 கோடி டாலர். தாண்டினா இரண்டு ஆட்டக்காரர் சம்பளத்தைச் சேர்த்து ஒருத்தரை வாங்க முடியாது, வெளியிலிருந்து ஆள் எடுக்கிற சலுகைகளும் போயிடும். நிக்ஸ் அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்னாங்க. பிரன்சன் முழுச் சம்பளம் வாங்கியிருந்தா அந்த வருடம் மட்டும் 1.15 கோடி கூடுதல், கோட்டைத் தாண்டியிருப்பாங்க. டவுன்ஸ், அனுனோபி, பிரிட்ஜஸ் மூணு பேரையும் ஒரே அணியில் வெச்சிருக்க முடிஞ்சதில் அவர் பங்கு பெரிசு.

ஒரு ஆடிட்டரா எனக்கு உறுத்துற விஷயம் ஒன்று இருக்கு. பிரன்சனோட அப்பா ரிக் பிரன்சன் அதே நிக்ஸில் உதவிப் பயிற்சியாளர். அணித் தலைவர் லியான் ரோஸ் முன்னாள் ஏஜென்ட். ரிக் அவருடைய பழைய வாடிக்கையாளர். 2022ல் பிரன்சனை எடுக்கும்போது முன்கூட்டியே பேசினாங்கன்னு லீக் அவங்ககிட்டேயிருந்து ஒரு இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைப் பறிச்சது. எங்க பாஷையில் இது தொடர்புடைய தரப்பு பரிவர்த்தனை. அதனாலயே தப்புன்னு ஆகாது. ஆனா அங்கே தீர்மானமான விலையைச் சந்தை விலைன்னு இன்னொருத்தர் மேஜையில் வைக்கக் கூடாது.

வைப்பாங்க என்பதுதான் என் கவலை. "கேப்டனே குறைச்சுக்கிட்டார், உனக்கென்ன?" இந்த வாக்கியத்தைக் கேட்கப் போறவருக்கு நியூயார்க்கில் அப்பா வேலை பார்க்க மாட்டார்.

உங்க அப்ரைசல் மீட்டிங்கிலும் இந்தக் கதை வரலாம் என்பதால் ஒரு விஷயம். என்பிஏவில் கூடைப்பந்து வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குன்னு ஒப்பந்தமே இருக்கு. ஒருத்தர் குறைச்சு வாங்கினா ஆட்டக்காரர்களின் மொத்தப் பங்கு குறையாது. நீங்க விட்டுக்கொடுக்கிற இன்கிரிமென்ட் பக்கத்து சீட்டுக்குப் போகும்னு உங்க ஆஃபர் லெட்டரில் எங்கேயாவது எழுதியிருக்கா?

விசுவாசம் மறுபக்கத்திலிருந்து எப்படி வருதுன்னும் பார்த்துட்டோம். 2025ல் நிக்ஸ் 51 ஆட்டம் ஜெயிச்சு, 25 வருடத்துக்குப் பிறகு கிழக்குப் பிரிவு இறுதிக்கு வந்தாங்க. இண்டியானாகிட்ட தோத்தாங்க. சில நாளில் பயிற்சியாளர் டாம் திபடோவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முந்தைய வருடம்தான் அவருக்கும் ஒப்பந்தத்தை நீட்டியிருந்தாங்க.

2028 கோடையில் பிரன்சன் அதே மேஜையில் உட்காரும்போது முழு 35 சதவீதத்தையும் கேட்கணும், ஒரு டாலர் குறைக்காம. நிர்வாகம் அன்னைக்கு அவர் வயசை எடுத்துப் பேசினா, இந்த ரீல்ஸ் போட்டவங்க விசுவாசம் இல்லாதவர்னு யாரைச் சொல்லுவாங்கன்னு பார்க்க ஆசையா இருக்கு.