தோல் என்ன, வெள்ளையடிக்கிற சுவரா?

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த அக்கா மகளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். முகம் பூராவும் சிவப்பு. கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. தாடையில் கொத்துக் கொத்தாகப் பரு. மேல் உதட்டில் பூனை முடி.

"வெயில்ல ரெண்டு நிமிஷம் நின்னா மிளகாய்ப் பொடியை அப்பின மாதிரி எரியுது சித்தி" என்றாள்.

விஷயம் இதுதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு லட்சணமா இருக்கா... கலர்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவுக்குத் தூக்கம் போச்சு. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு க்ரீம் பெயரைச் சொல்ல, மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டிருக்கிறாள். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பூசிய இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அப்புறம் என்ன, மாசம் ஒரு ட்யூப்! நிறுத்தினால் அரிப்பும் எரிச்சலும். மறுபடி பூசினால் அடங்கும். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அங்கே கேட்டதும், அதற்கப்புறம் தேடிப் படித்ததும் என்னை இப்படி எழுத வைத்திருக்கின்றன. நம்மில் பலருக்குத் தோல் என்றால் உடம்பின் மேல் போட்ட உறை. அழுக்கானால் தேய்ப்போம், கறுத்தால் வெளுப்போம். இதயம், ஈரல் மாதிரி அதுவும் ஓர் உறுப்பு என்று நினைப்பதே இல்லை. என் கட்சி இதுதான்: இதயத்துக்குப் பக்கத்து வீட்டில் மருந்து கேட்போமா? பிறகு தோலுக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

பாய் அளவு உறுப்பு

பெரியவர்களின் தோலை விரித்துப் போட்டால் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். ஓர் ஆள் படுக்கிற பாய் அளவு! அதில் மூன்று அடுக்கு. மேலே இருப்பது மேல்தோல். கண் இமையில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். இதன் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மெல்ல மேலே ஏறி, காய்ந்து, கெட்டிப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாசத்தில் உதிர்ந்துவிடும். அந்தக் காய்ந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்க, நடுவில் கொழுப்புச் சத்து சாந்து மாதிரி பூசப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

அதற்குக் கீழே உள்தோல். தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் என்ற புரத இழைகள், ரத்தக்குழாய்கள், நரம்பு முனைகள், வேர்வைச் சுரப்பிகள், முடி வேர்கள் எல்லாம் குடியிருப்பது இங்கேதான். வேர்வைச் சுரப்பிகள் மட்டும் உடம்பில் 20 லட்சத்துக்கும் மேல். சித்திரை வெயிலில் நாம் சுருண்டு விழாமல் இருப்பது இவற்றின் புண்ணியம். மூன்றாவதாக, அடியில் கொழுப்பு அடுக்கு. மெத்தை மாதிரி அடி தாங்கும். உடம்புச் சூட்டையும் காக்கும்.

இது போதாதென்று, சூரிய ஒளியில் வைட்டமின் டி தயாரிப்பதும் தோல்தான். அடுப்புச் சட்டியைத் தொட்டதும் கையை இழுக்கச் சொல்வதும் அதே தோல்தான்!

கறுப்புக் குடை

இப்போது கலருக்கு வருவோம். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நிறம் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் மெலனின் துகள்களின் அளவும், வகையும், பரவலும்தான் வித்தியாசம். அந்தத் துகள்கள் என்ன செய்கின்றன தெரியுமா? மேல்தோல் செல்லுக்குள் போய், அதன் உட்கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் மரபணுவைத் தாக்காமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நம் ஊர் வெயிலுக்கு உடம்பே தைத்துக் கொடுத்த குடை அது. காசு கொடுத்து அந்தக் குடையைக் கிழிக்கிறோம்!

என் அக்கா மகள் பூசியது மூன்று மருந்து கலந்த க்ரீம். மெலனின் உற்பத்தியைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், மேல்தோலை வேகமாக உரிக்க ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. மங்கு போன்ற கோளாறுக்கு டாக்டர் பார்வையில் சில வாரங்கள் மட்டும் பூசுவதற்கானது. ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும். முகம் உடனே வெளிறித் தெரிவதில் அதற்கும் பங்கு உண்டு. நாம் அதை 'கலர் வந்துடுச்சு' என்கிறோம். நாளாக ஆக கொலாஜன் குறைந்து தோல் மெலிகிறது. ரத்தக்குழாய் வெளியே தெரிகிறது. பருவும் முடியும் வருகின்றன. நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் விரிந்து முகம் எரிகிறது. அதனால் விடவும் முடிவதில்லை. முன்கைத் தோலைவிட முகத்துத் தோல் மருந்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்பதால் ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

ஸ்டீராய்டைக் குறை சொல்லவில்லை. 1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு டாக்டர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டு எழுதிய பிறகு, கரப்பானாலும் காளாஞ்சகப்படையாலும் அவதிப்பட்ட எத்தனையோ பேருக்கு அது வரமாக வந்தது. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவு, சொன்ன நாள் பூசினால் மருந்து. அத்தை சொன்னாள், அண்ணி சொன்னாள் என்று பூசினால் வினை.

சட்டம் இருக்கு... ஆனா?

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அர்த்தம். ஆனாலும் என் அக்காவுக்குக் கிடைத்ததே! கடைக்காரரைக் கண்காணிக்க வேண்டியது அரசாங்கம், சரி. ஆனால் கடைக்குப் போய்க் கை நீட்டுவது யார்? நாம்தானே! படர்தாமரைக்கும் இதே கதைதான். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசியதும் அரிப்பு நிற்கும். ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் கொண்டாட்டமாகப் பரவும். வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரைப் பூஞ்சை ஒன்றுக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டீனியே' என்று நம் நாட்டுப் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள். இப்படித் தாறுமாறாக க்ரீம் பூசியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் தோல் நிபுணர்கள்.

இன்னொன்று. தோல் நமக்குச் சேதி சொல்கிற உறுப்பு. பிள்ளைகளின் பின்கழுத்து வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால், எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்க்கிறோம். அது அழுக்காகவே இருக்காது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். வெளிறிய தேமலில் தொடு உணர்ச்சி இல்லாவிட்டால் தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவச மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் நரம்பு போகும். சேதி கொண்டு வருகிறவனின் வாயை க்ரீம் வைத்து அடைத்தால் நஷ்டம் யாருக்கு?

ஆகவே தாய்மார்களே, ட்யூபில் 'ஆர்.எக்ஸ்.' என்றோ, 'ஷெட்யூல் ஹெச்' என்றோ இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே மாசக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் 'கலர்' என்று இழுத்தால், பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தாதீர்கள். அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

அக்கா மகளுக்கு வைத்தியம் நடக்கிறது. சரியாகப் பல மாசம் ஆகும் என்கிறார் டாக்டர். அன்றைக்குக் கிளம்பும்போது அக்கா தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்:

"இவளோட பழைய கலர் திரும்பி வந்துடுமா டாக்டர்?"

எந்தக் கலர் வேண்டாம் என்று ஒரு வருஷம் காசைக் கொட்டினாளோ, அதே கலர்!